அணிக்குள் அணி: புள்ளி காட்டும் பாதை



பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி மொழியின் அணிகளை நடத்துகிறோம். ஒற்றை அணி வரை மாணவர்கள் சிரமமின்றி நம்மோடு வருகிறார்கள். பல பரிமாண அணி, அதாவது அணிக்குள் அணி என்றதும் பலர் வரையறையை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இணையப் பக்கங்களுக்கு சர்வரிலிருந்து வரும் தரவு பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது. இதை நம் கடற்கரையை வைத்தே நடத்த முடியும்.

தூத்துக்குடியில் கண்டெய்னர் லாரியைப் பார்க்காத பிள்ளை இல்லை. அந்தப் பெட்டி கப்பலில் எங்கே இருக்கிறது என்பதை ஆறு இலக்கங்களில் குறிப்பார்கள். முதல் இரண்டு இலக்கம் கப்பலின் நீளவாக்கில் எந்தப் பகுதி என்பதைச் சொல்லும். அடுத்த இரண்டு, குறுக்குவாக்கில் எந்த வரிசை என்பது. கடைசி இரண்டு, எந்த அடுக்கு என்பது. 050482 என்றால் 05ஆம் பகுதி, 04ஆம் வரிசை, மேல்தளத்தில் 82ஆம் அடுக்கு. பகுதிக்குள் வரிசை, வரிசைக்குள் அடுக்கு, அடுக்கில் பெட்டி. அணிக்குள் அணி என்பது இதுவேதான். நம் பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண்ணும் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊர், பள்ளி என்று இப்படித்தான் படிப்படியாக உள்ளே போகிறது.

இந்தப் பாதையை ஜாவாஸ்கிரிப்டில் எழுதும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி வைக்கிறோம். அம்மொழியில் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். ஆகவே கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டுங்கள்:

கப்பல்.பெட்டிகள்[0].எடை

கப்பலுக்குள் பெட்டிகள், அவற்றில் முதலாவது, அதன் எடை. பெயருக்குப் புள்ளி, எண்ணுக்குச் சதுர அடைப்பு. லாராவெல், லோடாஷ் போன்ற கருவிகளில் முழுப் பாதையையும் "கப்பல்.பெட்டிகள்.0.எடை" என்று ஒரே சரமாகக் கொடுக்கலாம், அங்கே எண்ணுக்கும் புள்ளி போதும். ஆனால் வெறும் பிஎச்பியில் புள்ளி என்பது இரண்டு சரங்களை ஒட்டும் குறி. அங்கே ஒவ்வொரு படிக்கும் சதுர அடைப்புதான். 11ஆம் வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் படித்துவிட்டு 12இல் பிஎச்பிக்கு வரும் மாணவர் குழம்புவது இங்கேதான். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பாதையில் ஒரு படி இல்லாவிட்டால் என்ன செய்வது?

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்து, அத்துடன் நின்றுபோனது. ஆண்டுவாரியாக எடுத்த சிப்பிகளை ஓர் அணியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். முத்துக்குளிப்பு[1961].சிப்பி என்று கேட்டால் விடை வரும். முத்துக்குளிப்பு[1975].சிப்பி என்று கேட்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். 1975 என்ற படியே அங்கு இல்லை. இல்லாத படிக்குள் சிப்பியைத் தேடுகிறோம்.

பிழை வந்ததும் மாணவர்கள் செய்யும் முதல் வைத்தியம், இல்லாத இடத்தில் 0 வருமாறு எழுதிவிடுவது. திரை சுத்தமாகிவிடும். ஆனால் 0 என்ன சொல்கிறது? 1975இல் ஆட்கள் பாருக்குப் போனார்கள், மூழ்கினார்கள், வெறுங்கையோடு கரையேறினார்கள் என்கிறது. அந்த ஆண்டு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. நிரல் ஓடுகிறது; வரலாறு பொய்யாகிறது.

2020 முதல் ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு நேர்மையான வழி உண்டு:

முத்துக்குளிப்பு[1975]?.சிப்பி ?? "பதிவு இல்லை"

கேள்விக்குறியோடு வரும் புள்ளி, படி இருந்தால் மட்டும் உள்ளே போகும். இரட்டைக் கேள்விக்குறி, மதிப்பு இல்லாதபோது மட்டும் மாற்று விடை தரும். பிஎச்பியிலும் 7ஆம் பதிப்பிலிருந்து இரட்டைக் கேள்விக்குறி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் அதற்குப் பதிலாக || என்று எழுதினால் தவறு எதிர்த்திசையில் நிகழும்: உண்மையிலேயே 0 என்று பதிவான இடத்திலும் "பதிவு இல்லை" என்று வந்துவிடும்.

இது கடலோடு முடியும் கதை அல்ல. மதிப்பெண் ஏற்றப்படாத மாணவிக்குத் திரையில் 0 வந்தால், அவள் தேர்வில் ஒன்றுமே எழுதவில்லை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். வருகை பதியாத வகுப்புக்கு 0 வந்தால், அன்று ஒரு பிள்ளைகூட வரவில்லை என்றாகும். இல்லாததும் சுழியமும் ஒன்றல்ல என்பதை இன்று நம்மிடம் கற்கும் மாணவர்தான் நாளை இத்தகைய திரைகளை எழுதப் போகிறார்.

இன்னொரு கண்ணியும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1974இல் பெருந்துறைமுகமாகச் செயல்படத் தொடங்கிய நம் துறைமுகத்தின் பெயரிலேயே புள்ளிகள் உள்ளன. "துறைமுகங்கள்.வ.உ.சி.ஆண்டு" என்று லாராவெலில் பாதை கொடுத்தால், அது வ என்ற படிக்குள் உ, அதற்குள் சி என்று தேடிப் போய், ஒன்றும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பும். தரவு இருந்தும் பாதை தவறுகிறது. சாவிப்பெயரில் புள்ளி இருந்தால் சதுர அடைப்பே பாதுகாப்பு.

வகுப்பறையில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவரப் பரிந்துரைக்கிறேன். ஆய்வகத்தில் நிரலை இயக்கும் முன், மாணவர் தன் பாதையை நோட்டில் எழுதட்டும். ஒவ்வொரு புள்ளியின் கீழும், "இந்தப் படி இல்லையென்றால் திரையில் என்ன வரும்?" என்பதற்கு ஒரு வரி விடை எழுதட்டும். பிறகு இயக்கிப் பார்த்து ஒப்பிடட்டும். கணினி குறைவாக உள்ள பள்ளியிலும் இதைச் செய்யலாம்; நோட்டும் பேனாவும் போதும். பிழைச்செய்தியைக் கண்டு அஞ்சும் மாணவர்கள், அது எந்தப் படியில் பிறந்தது என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். அந்தத் தேடலைக் கற்றுக்கொடுத்துவிட்டால், பல பரிமாண அணியின் வரையறையைத் தனியாக மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியிருக்காது.