வில் செய்தவர் விட்டுப்போன அம்பு

ஒலிம்பிக்ஸ்ல வில்வித்தை பார்த்திருப்பீங்க. எழுபது மீட்டர் தள்ளி இலக்கு. நடுவுல இருக்கிற பத்துப் புள்ளி வட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர் அகலம். ஒரு சின்னத் தட்டு அளவுகூட இல்லை. அங்கே பறக்கிற அம்புகள்ல பெரும்பாலும் ‘ஈஸ்டன்’ என்ற பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அம்புக் கம்பெனி நடத்தணும்னு கிளம்பினவர் இல்லை. கையால வில் செதுக்கினவர். அவரைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

டக் ஈஸ்டன், கலிஃபோர்னியாக்காரர். பதின்ம வயசுல வேட்டைக்குப் போன இடத்துல துப்பாக்கி தவறி வெடிச்சு, ரெண்டு காலிலும் குண்டு பாய்ஞ்சது. தேறி வந்த காலத்துலதான் வில் மேல ஆர்வம் வந்தது. சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவரின் எழுத்து அவருக்கு வழிகாட்டியா இருந்தது.

அந்தப் போப் யார்கிட்ட கத்துக்கிட்டார்? இஷி என்பவர்கிட்ட. யாஹி பழங்குடியில் கடைசியாக மிஞ்சிய மனிதர். குடியேறியவர்களின் படுகொலைகளில் அந்த இனமே அழிஞ்சுபோச்சு. 1911-ல் தனி ஆளாக வெளியே வந்தார்; 1916-ல் காசநோயில் இறந்தார். இடைப்பட்ட அஞ்சு வருஷத்துல வில் செய்யும் முறையைப் போப்புக்குக் காட்டினார். அதனால ஈஸ்டனோட கதையை அவர்கிட்டருந்து மட்டும் தொடங்கினா அது பாதிக் கதைதான்.

1922-ல் ஈஸ்டன் ஆர்டருக்கு வில் செய்ய ஆரம்பிச்சார். ஆர்டருக்குச் செய்யறதுன்னா, ஆளுக்கு ஏத்த வில். ஒருத்தர் எவ்வளவு நீளம் நாணை இழுப்பார், எவ்வளவு பலம் தாங்குவார்னு பார்த்துச் செதுக்கணும். அந்தக் காலத்தில் வில்லுக்குப் பேர்போன மரம் யூ. அதன் வெளிப்பக்க வெண்மரம் இழுவையைத் தாங்கும். உள்ளே இருக்கிற வைரம் அமுக்கத்தைத் தாங்கும். ரெண்டும் சேர்ந்த ஒரே கட்டையில் வில்லைச் செதுக்குவாங்க. மேல்கையும் கீழ்கையும் சீரா வளையுதான்னு பார்த்துப் பார்த்து இழைக்கணும். ஒரு இழைப்பு கூடிப்போனாலும் மரத்தைத் திரும்ப ஒட்டவெக்க முடியாது.

இப்படி வில்லைச் சரியாகச் செய்தாலும் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது: அம்பு. நாணை விட்டதும் அம்பு நேராகப் போகாது; மீன் மாதிரி நெளிஞ்சு வில்லைச் சுத்திப் போகும். எவ்வளவு நெளியும்ங்கிறது அதன் விறைப்பைப் பொறுத்தது. தேவதாரு மரத்தில் செய்த ரெண்டு அம்பு ஒரே விறைப்பா அமையறது கஷ்டம். ஈரப்பதம் மாறினா வளையவும் செய்யும். வில்லாளி தப்பே பண்ணலைன்னாலும் அம்பு வேற இடத்துல குத்தும்.

ஈஸ்டன் 1932-ல் லாஸ் ஏஞ்சலிஸில் கடை போட்டார். 1939-ல் அலுமினியக் குழாயில் அம்பு செய்தார். 1941-ல் லாரி ஹியூஸ் அந்த அம்புகளோட அமெரிக்க தேசியப் போட்டியில் ஜெயிச்சார். உலகப்போரில் அலுமினியம் ராணுவத்துக்குப் போனதால் வேலை தடைப்பட்டு, 1946-ல் மறுபடி சூடுபிடிச்சது. 1972-ல் வில்வித்தை ஒலிம்பிக்ஸுக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஈஸ்டன் காலமானார். அவர் மகன் ஜிம் ஈஸ்டன் பின்னாளில் உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் தலைவரானார்.

இதுல ஒரு முரண் இருக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா வில் செய்தவர், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இல்லாத அம்பைத் தேடினார். உண்மையில் ரெண்டும் ஒரே அக்கறைதான். அம்பு தவறினா, குறை தன்கிட்டயா பொருள்கிட்டயான்னு வில்லாளிக்குத் தெரியணும். பொருளைக் குறை சொல்ல வழியில்லாம செய்தால்தான் அவர் தன் கையைத் திருத்திக்க முடியும்.

அவர் செதுக்கின மரவில்லை இன்னைக்குப் போட்டியில் யாரும் தூக்கறதில்லை. ஆனா புதுசா வாங்குற ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் பயிற்சியாளர் முதல்ல கேட்கிறது, “நீ எவ்வளவு இழுப்பே?” அளந்த பிறகுதான் வில்லும் அம்பும் கைக்கு வருது.