தண்ணீர் வருமுன்னே தகவல் வரவேண்டும்

(வேடசந்தூர் வட்டார விவசாயத் தொழிலாளர்களுக்கும் மில் தொழிலாளர்களுக்கும் திண்டுக்கல்லில் நடந்த வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கடலைக் கண்ணால் பார்க்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு புயலைப் பற்றியும் கடல் அலையைப் பற்றியும் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இங்கிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரிகிறது, சிறுமலை தெரிகிறது, கடல் தெரியவில்லை. ஆனால் கடலில் பிறக்கும் புயலுக்கு நம் ஊர் வழி நன்றாகத் தெரியும். 1977ல் வந்தது. 2018ல் மறுபடியும் வந்தது.

1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு புயல் கரை கடந்தது. கரையிலேயே அது நின்றுவிடவில்லை. தஞ்சை, திருச்சி வழியாக உள்ளே புகுந்து, கேரளத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது. தமிழ்நாட்டில் 560 பேர் மாண்டனர். போகிற வழியில் அது கொட்டிய மழைதான் நம் குடகனாற்றில் பெரும் வெள்ளமாக வந்தது.

வேடசந்தூருக்கு அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே உள்ள அணை உங்களுக்குத் தெரியும். அன்று அது கட்டி அதிக காலம் ஆகாத மண் அணை. தண்ணீரை வெளியேற்ற ஐந்து ஷட்டர்கள் இருந்தன. வெள்ளம் ஏற ஏற அங்கிருந்த ஊழியர்கள் ஷட்டர்களைத் தூக்க முயன்றனர். பாதி தூக்குவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தனர். அதுவும் போதவில்லை. கடைசியில் கையாலேயே சுற்றித் தூக்க முயன்றனர். தண்ணீர் கரைக்கு மேலே ஏறி, பின்சரிவில் அருவியாக விழுந்து மண்ணை அரித்தது. அணை பல இடங்களில் உடைந்தது. இருபது மீட்டரிலிருந்து இருநூறு மீட்டர் வரை உடைப்புகள்! 43 கோடி கன அடி கொள்ளளவுள்ள அணை அது.

அந்த ஊழியர்களை நாம் குறை சொல்லவில்லை. அந்த மழையில் அவர்கள் கையாலே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நாம் கேட்பது வேறு. ஷட்டர் ஏறவில்லை என்று தெரிந்த நிமிஷத்துக்கும், கீழேயுள்ள குடிசைக்குள் தண்ணீர் நுழைந்த நிமிஷத்துக்கும் நடுவே நேரம் இருந்ததல்லவா? அந்த நேரம் யாருக்குப் பயன்பட்டது? ஆற்றோரத்தில் வசிக்கும் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டோம். "அணை ஒடஞ்சத எங்களுக்கு எந்த ஆளும் வந்து சொல்லல தம்பி. தண்ணிதான் வந்து சொல்லுச்சு" என்றார்.

தோழர்களே, இன்று நாம் பேச வந்த விஷயம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

முன்னெச்சரிக்கை என்றால் என்ன? ராடாரும் ராக்கெட்டும் மட்டும் அல்ல. அது நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி. ஆபத்து வருவதை அறிய வேண்டும். அது எந்த ஊருக்கு, எப்போது வரும் என்று கணிக்க வேண்டும். அந்தச் செய்தி கடைசி வீடு வரை போய்ச் சேர வேண்டும். செய்தி கிடைத்தவன் வெளியேறிப் போக வழியும் இடமும் இருக்க வேண்டும். நான்கில் ஒன்று அறுந்தாலும் சங்கிலி முழுவதும் வீண்.

முதல் கண்ணியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26ல் உலகமே பார்த்தது. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது நம் நேரப்படி காலை ஆறரை மணி. அலை தமிழ்நாட்டுக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாலத்தீவை அடைய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாலத்தீவு எப்படிப்பட்ட தேசம்? சுமார் 1,200 குட்டித் தீவுகள். பெரும்பாலான நிலம் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் ஆள் உயரங்கூட இல்லை. ஓடி ஏற ஒரு குன்று கிடையாது. அங்கே நூறு பேர் அளவில் மாண்டனர். நம் நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர்.

இத்தனை மணி நேரம் இருந்தும் ஏன் ஒருவரும் சொல்லவில்லை? விஞ்ஞானம் அப்போது பிறக்கவில்லையா? பிறந்திருந்தது. பசிபிக் மாகடலில் சுனாமி எச்சரிக்கை நிலையம் 1949லிருந்தே வேலை செய்துகொண்டிருந்தது. இந்துமாக்கடலுக்கு அப்படி ஒன்று இல்லை. ஏழை நாட்டு மீனவனின் உயிருக்கு அந்த அவசரம் எவருக்கும் தோன்றவில்லை. ஐதராபாத்தில் நமக்கென்று ஒரு நிலையம் 2007ல்தான் வந்தது. சாவு முந்தியது, கருவி பிந்தியது.

ஆனால் அதே நாளில் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். அலை வரும் செய்தியை அறிந்து ஊருக்கு டெலிபோன் செய்தார். ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஜனங்கள் வெளியேறினார்கள், ஊர் பிழைத்தது. எந்தச் சர்க்கார் அறிவிப்பும் வருமுன்பே ஒரு டெலிபோனும் ஓர் ஒலிபெருக்கியும் அந்த வேலையைச் செய்தன. கடைசிக் கண்ணி உறுதியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு தீவு நாடு, கியூபா. 1963ல் 'ஃப்ளோரா' என்ற சூறாவளி அங்கே ஆயிரம் பேருக்கு மேல் பலி கொண்டது. மூன்று ஆண்டில் மக்கள் பாதுகாப்புக்குச் சட்டம் செய்தார்கள். தெருவுக்குத் தெரு, நடக்க முடியாத கிழவர் யார், கர்ப்பிணி யார், எந்த வீடு பலவீனம், யார் எந்த வீட்டில் தங்குவது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டார்கள். ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கிறார்கள். 2004ல் 'ஐவன்' சூறாவளி வந்தபோது ஏறத்தாழ இருபது லட்சம் பேரை இடம் மாற்றினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. கியூபா பணக்கார நாடா? இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஒடிசாவில் 1999 புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013ல் 'பைலின்' வந்தபோது பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. மனசு வைத்தால் முடியும் என்பது ருசுவாகிவிட்டது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரணியம் பக்கம் கரை கடந்தது. கடற்கரையில் எண்பதாயிரம் பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அது நல்ல காரியம், பாராட்டுகிறோம். அதே புயல் அன்று காலையே திண்டுக்கல் பக்கம் வந்து மேற்கே போயிற்று. நமக்கு வந்த முன்னறிவிப்பு என்ன? பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்ற செய்திதான். மில்லுக்கு விடுமுறை இல்லை. மரம் முறிந்து கிடந்த ரோட்டில் காலை ஷிப்டுக்குப் போன ஒரு பெண் தோழரிடம், "ஏனம்மா போனாய்?" என்று கேட்டோம். "போகலேன்னா சம்பளத்தப் பிடிச்சிருவாங்கண்ணே" என்றார். அவருக்கு எச்சரிக்கை தெரியும். தெரிந்து என்ன பயன்? நான்காவது கண்ணி அறுந்து கிடக்கிறது. ஆட்டைக் கட்ட இடமில்லாதவன் ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டான். கூலி போய்விடும் என்று பயப்படுகிறவள் வீட்டில் இருக்கமாட்டாள்.

2023ல் நம் செல்போன்களெல்லாம் திடீரென்று அலறின, ஞாபகம் இருக்கிறதா? எச்சரிக்கை அனுப்பும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது எதற்காக அலறியது என்றே நம் கிராமத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. பயந்துபோய் போனை அணைத்தவர்களும் உண்டு. ஒத்திகை இல்லாத மணியோசை வெறும் சத்தம்தான்.

முன்பு தண்டோரா போட்டார்கள். தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்தவன் தோளில் அந்த வேலையைச் சுமத்தினார்கள். 2022ல் அதை நிறுத்தும்படி தமிழக அரசு உத்தரவிட்டது. அது சரியான உத்தரவு. ஊர்க்காவல் முழுச் சமூகத்தின் கடமை. ஒரு ஜாதியின் தலைவிதி அல்ல. ஆனால் தண்டோரா இருந்த இடத்தில் ஒலிபெருக்கி வந்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் வந்திருக்கிறதா? போய்ப் பாருங்கள்.

நாம் கேட்பது தர்மம் அல்ல. 2021 டிசம்பர் 30 முதல் அணைப் பாதுகாப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. அணைக்குக் கீழே வெள்ளம் பாயக்கூடிய ஊர்களுக்கு எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்று அது சொல்லுகிறது. ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு ஐந்து ஆண்டுக்குள் அவசரகாலச் செயல் திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும் சொல்லுகிறது. அஸ்திவாரத்திலிருந்து பதினைந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் எல்லாம் இதற்குள் அடங்கும். 1977ல் உடைந்த நம் அணையின் உயரம் 15.75 மீட்டர்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

குடகனாறு அணைக்கான செயல் திட்டத்தைக் காட்டும்படி கலெக்டருக்கும் நீர்வளத்துறைக்கும் எழுதிக் கேட்பது. மின்சாரம் நின்றாலும் ஷட்டர் ஏறுமா என்பதை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்பே ஜனங்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டச் சொல்வது. ஆற்றோரத்து ஒவ்வொரு ஊருக்கும், குறிப்பாகச் சேரிக்கும், பாட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி கேட்பது. எச்சரிக்கை விடுத்த நாளில் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று மில் வாசலிலும் நூறு நாள் வேலைத்தலத்திலும் குரல் கொடுப்பது. ஆடு மாடோடு தங்க மேட்டில் இடம் கேட்பது.

இவை சர்க்கார் செய்ய வேண்டியவை. நாமே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் நடக்க முடியாதவர் யார், தனியாக இருக்கும் பாட்டி யார், செல்போன் இல்லாத வீடு எது என்று எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இரவு இரண்டு மணிக்குப் போய் அவர் கதவைத் தட்டப்போகிறவர் பெயரையும் எழுதுங்கள். இதற்கு எவருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

அடுத்த முறை குடகனாறு பெருகும்போது, செய்தியைத் தண்ணீர் கொண்டுவரக் கூடாது. மனிதன் கொண்டுவர வேண்டும். அந்த நோட்டோடு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.