இருதயத் தசையும் தேக உழைப்பும்

(கடலூர், சிதம்பரம் வட்டாரங்களைச் சேர்ந்த கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவு)



விதை, உரம், கடன், தவணை ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசப்படும் இம்மன்றத்தில், இன்று இருதயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்திருக்கிறேன். தில்லையை விராட் புருஷனுடைய இருதய ஸ்தானம் என்று சைவப் பெரியோர் கூறுவர். அத்தகைய ஊரைச் சூழ்ந்து வாழும் நமக்கு இவ்விஷயம் அந்நியமானதன்று. சங்கத்திற்குப் புறம்பானதும் அன்று. நாம் கொடுக்கும் கடனுக்கு நிலமும் நகையும் ஈடாக இருப்பினும், அதைத் திருப்பிச் செலுத்துவது உழைக்கும் தேகமே. நாற்பது ஐம்பது வயதில் குடும்பத் தலைவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால், அவ்வருஷத்துச் சம்பாவும் கரும்பும் கெடுகின்றன, தவணை நிற்கிறது, பிள்ளைகளின் படிப்பும் நிற்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்றே. இருதயத் தசை உழைப்பினாலும் பெருக்கும், நோயினாலும் பெருக்கும். முன்னது வரவு, பின்னது கடன். இவ்விரண்டின் வேற்றுமையை அறிந்துகொள்வது நம் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

இருதயம் என்பது ஏறக்குறைய அவரவர் கைமுட்டி அளவுள்ள, சுமார் 300 கிராம் எடையுள்ள தசைப் பை. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை அது சுருங்கி விரிகிறது. நாம் சும்மா இருக்கும்போது நிமிஷத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை அது வெளியேற்றுகிறது. நாற்றுக்கட்டைச் சுமந்துகொண்டு வரப்பின்மேல் விரைந்து நடக்கும்போது இவ்வளவு பல மடங்கு உயர்கிறது. திடகாத்திரமான வாலிபன் முழுப் பலத்துடன் உழைக்கும்போது 20 லிட்டர் வரையில் செல்லும். இந்த 5-க்கும் 20-க்கும் இடையேயுள்ள வித்தியாசமே இருதயத்தின் சேமநிதி. சங்கத்தின் சேமநிதி கரைந்து வருவதை அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் ஒருவரும் கவனிப்பதில்லை. பஞ்ச காலம் வந்தபோதுதான் அது தெரியவரும். இருதயத்தின் நிலையும் அவ்வாறே. ஓய்வில் இருப்பவனுக்குத் தன் சேமநிதி பாதியாகக் குறைந்துவிட்டதென்பது தெரியாது.

முதலில் உழைப்பினால் உண்டாகும் மாறுதலைப் பார்ப்போம். நாள்தோறும் உழைக்கும் இருதயத்தின் அறைகள் சற்று விசாலமாகின்றன. அதற்கேற்றபடி சுவர்களும் அளவாகத் தடிக்கின்றன. ஆகையால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் வெளியேறுகிறது. துடிப்புகளின் எண்ணிக்கை குறைகிறது. சாதாரணமாக நிமிஷத்திற்கு 70 தடவை துடிப்பது, நன்கு பழகிய ஓட்டக்காரனுக்கு 50-க்கும் கீழே வருவதுண்டு. இதில் வேறொரு நன்மையும் இருக்கிறது. இருதயத்தின் இடது கீழறைத் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தை, சுருங்கும்போதன்றி, விரிந்து இளைப்பாறும்போதே பெரும்பாலும் பெறுகிறது. நிதானமாகத் துடிக்கும் இருதயத்திற்கு இளைப்பாறும் நேரமும் அதிகம், ஆகாரமும் அதிகம். 1899-ஆம் வருஷத்தில் ஸ்வீடன் தேசத்து வைத்தியர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்து, அவர்களுடைய இருதயம் பெருத்திருப்பதைக் கண்டறிந்தார். இத்தகைய பெருக்கம் நோயா, பலமா என்று வைத்தியர்கள் நெடுங்காலம் வாதித்தனர். பழக்கத்தை நிறுத்தினால் இப்பெருக்கம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. விரிந்து சுருங்கும் வன்மையும் கெடுவதில்லை.

உழைப்பை நிறுத்தினால் என்ன நேரும்? 1966-ல் அமெரிக்காவிலுள்ள டல்லாஸ் நகரத்தில் ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து சோதித்தார்கள். அவர்களுடைய உழைக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்குமேல் குறைந்துபோயிற்று. முப்பது வருஷங்களுக்குப் பிறகு அதே ஐவரையும் அழைத்துச் சோதித்தபோது, முப்பது வருஷத்து மூப்பு செய்த நஷ்டத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த நஷ்டமே அதிகம் என்று கண்டார்கள். ஆனால் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்ததில், முப்பது வருஷத்தில் இழந்ததை அவர்கள் திரும்பப் பெற்றனர். கரைந்த சேமநிதியை ஐம்பது வயதிலும் மீட்கலாம் என்பதற்கு இது தக்க சான்று.

இனி நோயினால் உண்டாகும் பெருக்கம். இரத்த அழுத்தத்தை முதலில் கூற வேண்டும். பம்பு செட்டின் போக்குக் குழாயை ஒருவன் பாதி அடைத்துவிட்டால் மோட்டார் என்ன பாடுபடும்? அவ்வாறே இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்தால், இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. தேகாப்பியாசம் செய்பவனுக்கு இந்தச் சிரமம் சில நாழிகையே. பிறகு ஓய்வு கிடைக்கிறது. அழுத்த நோயாளிக்கோ இரவும் பகலும் ஓய்வில்லை. ஆகவே சுவர் உட்புறமாகத் தடித்து, விறைத்து, சரியாக விரிய முடியாமற் போகிறது. தசையினிடையே நார் படர்கிறது. நாளடைவில் பை தளர்ந்து விரிந்து சுருங்கும் பலத்தையும் இழக்கிறது. இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலோருக்கு ஒரு தலைவலியும் இராது. அளந்து பார்த்தாலன்றி இதை அறிய வழியில்லை. மறுபடி மறுபடி அளந்தும் 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் வைத்தியரிடம் செல்ல வேண்டும். உடம்பு சுகமாக இருக்கிறதென்று மாத்திரையை நாமே நிறுத்திவிடுவது, அணையில் கசிவு நின்றதென்று காவலை எடுத்துவிடுவது போலாகும்.

இரண்டாவது மாரடைப்பு. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபட்டால், அரைமணி நேரத்திற்குள்ளாகவே தசை மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் முளைப்பதில்லை; அவ்விடத்தில் வடுவே நிற்கும். நீரிழிவு, புகையிலை, இரத்த அழுத்தம் மூன்றும் இதற்குத் துணை செய்வன. கள்ளும் சாராயமும் அளவு மிஞ்சினால் தசையையே நேராகக் கெடுக்கின்றன. சிறுவர்களுக்குத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதசுரம், இருதயத்தின் கதவுகளைக் கெடுத்து, பின்னர்த் தசையையும் தளர்த்தும். காலத்தில் பெனிசிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம்.

மூன்றாவது பிறவியில் வரும் குறை. இருதயத் தசையிலுள்ள ஒரு புரதத்திற்குரிய மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருக்கும் குறையானது, இந்தியரில் நூற்றுக்குச் சுமார் நால்வரிடம் உள்ளதென்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி, ஹைதராபாத் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் முதலானோர் 2009-ல் வெளியிட்டனர். இக்குறை உள்ளோர் அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. ஆயின் வயது முதிர முதிர அபாயம் கூடுகிறது. ஆகையால் குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென்று மாண்டிருந்தாலும், விளையாடும்போது பையன் மயங்கி விழுந்தாலும், சடுகுடு மைதானத்திற்கு அனுப்புமுன் எக்கோ பரிசோதனை செய்விக்க வேண்டும். நோயின் பெருக்கம் எது, பயிற்சியின் பெருக்கம் எது என்பதைப் பெரும்பாலும் அப்பரிசோதனை பிரித்துக் காட்டும்.

ஆகாரக் குறையும் இருதயத் தசையைத் தளர்த்தும். 1940 வாக்கில், குன்னூர்ப் போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையின் டைரக்டராக இருந்த ஐக்ராய்டும் அவருடைய சகாக்களும் அரிசியைப் பற்றி ஆராய்ந்தனர். யந்திரத்தில் தீட்டிய பச்சரிசியையே உண்ட வட சர்க்கார் ஜில்லாக்களில், கால் வீங்கி மூச்சுத் திணறும் பெரிபெரி என்னும் வியாதி இருந்தது. புழுங்கலரிசி உண்ட பிரதேசங்களில் அது இல்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 விட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்தது வீண் வேலையன்று.

"நாங்கள் வயலில் உழைப்பவர்கள், எங்களுக்குத் தேகாப்பியாசம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீராணத்து நீர் பாயும் வயல்களில் அன்று மாடும் மனிதனும் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று டிராக்டரும் நடவு, அறுவடை யந்திரங்களும் செய்கின்றன. கடைத்தெருவுக்கு இரண்டு பர்லாங்கு செல்லவும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கிறது. எஞ்சிய உழைப்பும் பருவத்தில் சில வாரங்கள் மட்டுமே. இடைக்காலத்தில் இருதயம் தன் பழக்கத்தை மறந்துவிடுகிறது. வாரத்திற்கு 150 நிமிஷமேனும் சற்று மூச்சு வாங்கும்படியான உழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நாள்தோறும் அரைமணி விரைந்து நடந்தால் அது நிறைவேறும். ஆனால் பல மாதம் சும்மா இருந்தவர் ஒரே நாளில் உச்சி வெயிலில் மண் வெட்டப் புகலாகாது. சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். இருதயம் தளர்ந்தவர்களைப் படுக்கவே வைத்த காலம் ஒன்றுண்டு. நோய் தணிந்து நிலைப்பட்டபின், வைத்தியர் வகுத்தபடி நடப்பது அவர்களுக்கும் நன்மையே என்று இப்போது தெரிந்திருக்கிறது.

சில அறிகுறிகளை அலட்சியம் செய்யலாகாது. முன்பு எளிதாகச் சென்ற தூரத்திற்கு இப்போது நின்று நின்று செல்வது, மாலையில் பாதம் வீங்குவது, படுத்தால் மூச்சு முட்டி இரவில் எழுந்து உட்காருவது ஆகியவை தசை தளர்ந்ததன் அடையாளங்களாக இருக்கலாம். நடு மார்பில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை ஆகியவை மாரடைப்பின் அடையாளங்கள். ஸ்திரீகளுக்கும் நீரிழிவுக்காரருக்கும் வலியின்றி மூச்சிரைப்பு மட்டுமே காணப்படலாம். வாயுப் பிடிப்பென்று சோடா குடித்துப் பொழுதைக் கழிக்காமல், உடனே 108-க்குச் செய்தி அனுப்ப வேண்டும். முதல் மருந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்தனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-ல் ஏற்பட்டது. கடலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரியும், அண்ணாமலைநகரில் 1985-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

சங்கம் செய்யக்கூடியவை எவை? முதலாவது, மாதம் ஒருமுறை அங்கத்தினர் கூடும் நாளில், கிராம சுகாதார நர்ஸை அழைத்து, முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இரத்த அழுத்தத்தை அளக்கச் செய்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வீடுதோறும் மாத்திரை கொண்டுவருகையில், அதை ஒழுங்காக உட்கொள்ளும்படி ஒருவரையொருவர் தூண்டலாம். இரண்டாவது, காலையில் நால்வர் ஐவராகக் கூடி ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ நடக்கலாம். தனியாக நடப்பவன் நான்கு நாளில் விட்டுவிடுவான். மூன்றாவது, உப்பைக் குறைக்கலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டியளவே போதும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் நம் கரையோரத்து இலையில் தினமும் இடம் பெறுவதால், இவ்விஷயத்தில் நம் தாய்மார்களின் உதவி மிகவும் வேண்டும்.

இவற்றிற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒற்றுமையும் ஒழுங்கும் இருந்தால் போதும். அவ்விரண்டின்மேல்தான் கூட்டுறவு இயக்கமே நிற்கிறது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதைக் கொள்ளிடக் கரையில் வாழும் நமக்கு எவரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கடன் மனுக்களுக்கு முன்னதாக, இரத்த அழுத்தம் அளப்பதை முதல் விஷயமாகச் சேர்க்கும்படி காரியதரிசி அவர்களை வேண்டி, என் வார்த்தைகளை முடித்துக்கொள்கிறேன்.