முகத்தைப் பார்க்காதே, செயலைப் பார்!

(பணி ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர், பெற்றோர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



காவல்துறையில் நெறிமுறை என்றால் என்ன என்று பேச அழைத்தார்கள். நெறிமுறை என்றதும் லஞ்சம் வாங்கக் கூடாது, லாக்கப்பில் அடிக்கக் கூடாது என்றுதான் நமக்குத் தோன்றும். அவை முக்கியம்தான். ஆனால் தவறு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

1990-களின் நடுப்பகுதி. அப்போது நான் கார்ப்பரல். ஓர் இரவு சீன அம்மாள் ஒருவர் ஓடி வந்து, தன் கைப்பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். அவர் சொன்ன அடையாளம் இவ்வளவுதான்: மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், ஹெல்மெட் போட்டிருந்தார்கள், கறுப்புச் சட்டை. நான் வயர்லெஸில் சொன்னது: "இரண்டு இந்திய இளைஞர்கள், கறுப்புச் சட்டை."

"இந்திய" என்ற சொல்லை அந்த அம்மாள் சொல்லவே இல்லை. நான்தான் சேர்த்தேன். வேண்டுமென்று சேர்க்கவில்லை. தானாக வாயில் வந்தது.

அரை மணி நேரத்தில் இரண்டு தமிழ்ப் பையன்கள் பிடிபட்டார்கள். டியூசன் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஒருவன் சட்டை கறுப்பு, மற்றவன் சட்டை நீலம். கைப்பை அவர்களிடம் இல்லை. "வழியில் வீசியிருப்பார்கள்" என்றோம். அந்த அம்மாளால் அடையாளம் காட்ட முடியவில்லை. "பயத்தில் இருக்கிறார்" என்றோம். பையன்கள் அழுதார்கள். "நடிக்கிறார்கள்" என்றோம். பார்த்தீர்களா? ஒரு சொல் உள்ளே நுழைந்துவிட்டால், அதற்கு எதிரான ஆதாரம்கூட அதற்குச் சாதகமாக மாறிவிடும்!

இரவு முழுவதும் ஒரு பையனின் தாயார் நிலையத்துக்கு வெளியே நின்றார். "நீங்களும் தமிழர்தானே ஐயா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். "சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் அம்மா" என்றேன்.

மறுநாள் மதியம் ஒன்றும் கிடைக்காமல் இருவரையும் விட்டோம். அன்று காலை அந்தப் பையனுக்கு எஸ்.பி.எம். கணிதத் தேர்வு.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. அன்றிரவு சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. ஒன்றாக இல்லாமல் செய்தவன் நான்.

தமிழனான நானே எப்படி அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். சுற்றியிருந்தவர்கள் பேசிய பேச்சு, பத்திரிகைத் தலைப்புகள், "குண்டர் கும்பல் என்றால் நம் பையன்கள்தான்" என்று நம் வீடுகளிலேயே சொல்வது, எல்லாம் சேர்ந்து என் கண்ணில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டது. ஓரவஞ்சனை வெறுப்பினால் மட்டும் வருவதல்ல. பழக்கத்தாலும் வரும். அதனால்தான் "நான் இனவாதி அல்ல" என்று ஓர் அதிகாரி சொல்வது போதாது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? முதலாவது, புகார்தாரர் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். இரண்டாவது, ஒருவரை நிறுத்தும்முன், "இதே செயலை வேறு இனத்தவர் செய்திருந்தால் நிறுத்துவேனா?" என்று தன்னையே கேட்க வேண்டும். மூன்றாவது, பிடித்தவர் குற்றவாளி அல்ல என்று காட்டும் ஆதாரத்தையும் அதே அக்கறையுடன் தேட வேண்டும். இது சந்தேக நபருக்குச் செய்யும் சலுகை அல்ல. நாங்கள் தவறான இருவரைப் பிடித்து வைத்திருந்த அந்த இரவில், உண்மைத் திருடர்கள் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

முத்திரை குத்துவது எங்கே போய் முடியும் என்பதற்கு நாடறிந்த சான்று குகன் வழக்கு. கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட அந்த 22 வயது இளைஞர், 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொன்னது. குடும்பத்தார் போராடிப் பெற்ற இரண்டாவது பரிசோதனையே அடிபட்டதை வெளிக்கொணர்ந்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் காவல்துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி, 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அப்போதும் "திருடன்தானே" என்று சொன்னவர்கள் உண்டு. எந்த நீதிமன்றமும் அவரைத் திருடன் என்று தீர்ப்பளிக்கவில்லை!

தனி மனிதரின் மனசாட்சியை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2005-இல் துன் முகமட் ஸைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகளை முன்வைத்தது. காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2023 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது ஐ.பி.சி.சி. எனப்படும் சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம். அது விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். ஆனால் தானே தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரத்தைக் கேட்டு நாம் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் உள்ளதைப் பயன்படுத்துங்கள். கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்தாருடனும் வழக்கறிஞருடனும் தொடர்புகொள்ள அவருக்கு உரிமை உண்டு. இவை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவில் இருக்கின்றன. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் தடுத்து வைக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 5-ஆவது விதி. புகார் கொடுத்தால், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத சொல் ஏதும் அதில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் திருட்டுப் போனால், பார்க்காமலேயே "இந்தோனேசியக்காரன்தான், வங்காளதேசிதான்" என்று சொல்லுகிறோமே, அது என்ன? நான் வயர்லெஸில் சேர்த்த அதே சொல்தான். நமக்கு எது நியாயமோ அது அவர்களுக்கும் நியாயம்.

அந்தத் தாயாரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை இங்கே உங்கள் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.