மன்னார்க் கடலின் ஆவுளியா

கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலையில் புசல்லாவை அமைந்திருக்கிறது. சுற்றிலும் தேயிலை மலைகள். காலையும் மாலையும் இறங்கி வரும் பனிமூட்டம். கீழே கொத்மலைப் பள்ளத்தாக்கு. இத்தகைய மலையூர்களில் பிறந்து வளர்ந்த பலர் கடலைக் கண்ணாற் கண்டது வாழ்நாளில் ஓரிரு முறையாகவே இருக்கும். கடைவீதியிலே கருவாட்டுக் கடையைக் கடந்து செல்லும்போதுதான் கடல் என்று ஒன்று இருப்பது அவர்களுக்கு நினைவு வரும். அவர்களிடம் சென்று மன்னார்க் கடலில் வாழும் ஒரு பிராணியைப் பற்றிப் பேசினால், ‘அதற்கும் எமக்கும் யாது தொடர்பு?’ என்று வினவுதல் இயல்பே. தொடர்பு உண்டு. அது யாது என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம். முதலில் அப்பிராணியை அறிந்துகொள்வோம்.

ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் தமிழர் அதனை அழைப்பர். கடற்பன்றி என்பாரும் உளர். சிங்கள மக்கள் வழங்கும் ‘முகுது ஊரா’ என்னும் பெயருக்கும் கடற்பன்றி என்பதே பொருள். ஏறத்தாழ 3 மீற்றர் நீளமும் 400 கிலோகிராம் வரை எடையும் உடைய இப்பிராணி நீரில் வாழ்வதாயினும் மீன் அன்று. மூச்சு விடுவதற்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்துக்கு வரும். கன்றை ஈன்று பாலூட்டும். நிலத்தில் வாழும் விலங்குகளுள் இதற்கு நெருங்கிய உறவு யானையாகும். கண்டிப் பெரஹராவில் யானைகளைக் கண்டு களிக்கும் மக்கள், அந்த யானையின் உறவினம் ஒன்று கடலுக்கடியில் மேய்கிறது என்பதை அறிந்தால் வியப்படைவர். யானையைப் போலவே இதன் பால்மடியும் முன்னங்கால்களின் அருகே, மார்பில் அமைந்துள்ளது. வளர்ந்த ஆணுக்குச் சிறு தந்தமும் உண்டு. கடற்கன்னியைக் கண்டதாக மாலுமிகள் கூறிய கதைகளுக்கு இதன் இனமே காரணம் என்று அறிஞர் பலர் கருதுவர்.

இதன் உணவு கடற்புல். பாறையில் ஒட்டி வளரும் பாசி வேறு, கடற்புல் வேறு. கடற்புல்லுக்கு வேர் உண்டு, இலை உண்டு, பூவும் உண்டு. ஞாயிற்றின் ஒளி அடிமணல் வரை செல்லும் ஆழங்குறைந்த, தெளிந்த நீரில் மட்டுமே அது செழிக்கும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட பாக்குநீரிணையும் மன்னார் வளைகுடாவும் அத்தகைய கடற்பகுதிகள். அங்கே மணலில் படர்ந்த புல்வெளிகளை, மீசைமயிர் அடர்ந்த தன் அகன்ற மேலுதட்டால் கிளறி, வேரோடு பிடுங்கி உண்பது ஆவுளியாவின் வழக்கம். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோகிராம் வரை புல் வேண்டும். அது மேய்ந்து சென்ற இடம் மணலில் ஒற்றையடிப்பாதை போலத் தெரியும். அந்தப் புல்வெளியே இறாலுக்கும் நண்டுக்கும் ஓரா மீனுக்கும் குஞ்சுப் பருவத்துத் தொட்டில். ஆகவே புல்வெளி அழிந்தால் ஆவுளியா மட்டுமன்றி, மீனவரின் உலைப்பானையும் வெறுமையாகும்.

ஆவுளியா 70 ஆண்டு வரை வாழக்கூடியது. ஆனால் அதன் பெருக்கமோ மிக மெதுவானது. பெண் ஆவுளியா பருவமெய்தப் பெரும்பாலும் பத்தாண்டளவு செல்லும். சினைக்காலம் 13 அல்லது 14 மாதம். ஒரு பேற்றுக்கு ஒரு கன்று. கன்று ஓராண்டுக்கு மேல் தாயிடம் பால் குடிக்கும். அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழாண்டு வரை காத்திருக்க வேண்டும். 100 ஆவுளியாக்கள் வாழும் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். புல் குறைவின்றி, பகை ஏதுமின்றி, எல்லாம் நன்கு அமைந்தாலும் அக்கூட்டம் ஓராண்டில் ஏறக்குறைய ஐந்துக்கு மேல் பெருகாது. அப்படியாயின், வலையில் அகப்பட்டு ஆண்டுதோறும் ஆறு ஏழு இறந்தால் என்ன நிகழும் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் கணக்கிட்டுச் சொல்வான்.

இது வெறும் கணக்கு அன்று. உலகில் நிகழ்ந்து முடிந்த செய்தி. 1741ஆம் ஆண்டிலே வடபசிபிக் கடலில் பேரிங் என்னும் மாலுமியின் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கியது. அக்கப்பலில் இருந்த ஸ்டெல்லர் என்னும் அறிஞர், ஆவுளியாவின் இனத்தைச் சேர்ந்த, அதனினும் பன்மடங்கு பெரிய ஒரு கடற்பசுவை அங்கே கண்டு விவரித்தார். அதன் இறைச்சி சுவையானது, அது அஞ்சி ஓடாதது என்ற செய்தி பரவியது. அவ்வழியே சென்ற வேட்டைக்காரர் அதனை உணவாக்கினர். 1768 அளவில் அவ்வினம் முற்றாக அழிந்தது. அறிஞர் ஒருவர் கண்டு எழுதியதற்கும் அது இல்லாமற் போனதற்கும் இடையே சென்றவை 27 ஆண்டுகளே.

நேயர்களே, இனி நம் கடலுக்கு வருவோம். இராமேசுவரத்துக்கு அண்மையில், பாம்பனுக்கு இக்கரையில், மண்டபம் என்னும் ஊர் இருக்கிறது. மலையகத்து முதியோருக்கு மண்டபம் முகாம் என்ற பெயர் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் அங்கே தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, பின்னரே தனுஷ்கோடிக்குச் சென்று தலைமன்னாருக்குக் கப்பலேறினர். அதற்கும் முந்திய கோப்பிக்காலத்தில் தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, காடு கடந்து மாத்தளை வரை நடந்து வந்தோர் பல்லாயிரவர். வழியிலே மாண்டோரும் பலர். புசல்லாவைத் தோட்டங்களில் இன்று வாழ்வோருள் பெரும்பாலாருடைய பாட்டனும் பாட்டியும் கடந்து வந்த கடல், இந்த ஆவுளியா மேயும் கடலே.

அதே மண்டபத்திலே, இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் நிலைகொண்டது. 1959ஆம் ஆண்டின் இறுதியில் ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரண்டு ஆவுளியாக்கள் உயிருடன் அந்நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. ஆராய்ச்சியாளர் அவற்றைத் தொட்டியில் விட்டுக் கடற்புல் அளித்து வளர்த்தனர். நிலையத்தின் இயக்குநராயிருந்த எஸ். ஜோன்ஸ் அவர்கள் அவ்விணையைப் பற்றி அவ்வாண்டே எழுதி வெளியிட்டார். பத்தாண்டுக்கு மேலாக அவை அங்கே வாழ்ந்தன. அந்நாளிலே ஆவுளியாவை அவ்வளவு காலம் அடைத்து வளர்த்த இடம் உலகில் வேறொன்று இருந்தது என்று சொல்வது அரிது.

அதனை ஓர் அருஞ்செயல் என்றே கொள்ள வேண்டும். உயிருள்ள ஆவுளியா எவ்வாறு மூச்சு விடும், எவ்வாறு உண்ணும், எவ்வாறு உறங்கும் என்பனவற்றை அருகிருந்து காண அவ்விணை உதவிற்று. அந்த ஆராய்ச்சியாளர் கொடியவர் அல்லர். வலையில் பட்டு இறைச்சிக் கடைக்குப் போகவேண்டிய உயிர்கள் அவர்களிடம் பத்தாண்டு பிழைத்திருந்தன என்பதும் உண்மையே. எனினும் அந்தத் தொட்டியில் கன்று ஒன்றும் பிறக்கவில்லை. மேய்ச்சலுக்காக நெடுந்தூரம் சுற்றித் திரியும் பிராணி, நாலு சுவருக்குள் வலம் வந்து, தன் காலம் முடிந்து மறைந்தது. பிற்காலத்தில், 1987இல், பிலிப்பைன்ஸ் கடலிலிருந்து ஒரு பெண் கன்று ஜப்பானின் தோபா நகரக் காட்சிசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, முப்பது ஆண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தது. வைத்தியமும் உணவும் அங்கே குறைவின்றிக் கிடைத்தன. ஆயினும் தொட்டியில் ஆவுளியாவின் இனத்தைப் பெருக்கும் வழி இன்றுவரை மனிதனுக்குக் கைவரவில்லை. பசுவை அடைத்து வைத்துப் பெருக்கலாம், கோழியையும் பெருக்கலாம். ஆவுளியாவைப் பெருக்கும் ஆற்றல் கடல் ஒன்றுக்கே உண்டு. மண்டபத்துத் தொட்டி உலகுக்குக் கற்பித்த முதன்மையான பாடம் இதுவே எனலாம். கடலில் இது அழிந்தால், ‘எங்கேனும் ஒரு காட்சிசாலையில் இரண்டினை வைத்திருக்கிறோம்’ என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

அடைத்து வைப்பதில் உள்ள தீங்கை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்து வருகிறது. ஓங்கில் எனப்படும் டொல்பின்களைப் பிடித்து வித்தை காட்டச் செய்யும் நிலையங்களுக்கு இடமளிப்பதில்லை என இந்திய நடுவணரசு 2013இல் முடிவு செய்தது. அறிவுக்கூர்மை மிக்க அவ்வுயிரைக் கேளிக்கைக்காகச் சிறைவைத்தல் முறையன்று என்பதே அம்முடிவின் கருத்து.

ஆனால் சுவர் எழுப்பி அடைப்பது ஒருவகைச் சிறை எனின், வலை விரித்துக் கடலையே சிறையாக்குவது இன்னொரு வகை. பாக்குநீரிணையில் ஆவுளியா நெடுங்காலம் இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டது. அதன் கொழுப்பை உருக்கி எடுத்த எண்ணெய் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இலங்கையிலே 1970ஆம் ஆண்டு முதல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆவுளியா காக்கப்படும் விலங்காயிற்று. இந்தியாவிலே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முதலட்டவணையில் இடம் தந்தது. வேட்டை குறைந்தது, சாவு நிற்கவில்லை. வேறு மீனுக்கென விரித்த செவுள்வலையில் ஆவுளியா சிக்குமாயின், மேலெழுந்து மூச்சு விட இயலாமல் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறக்கும். வலை விரித்தவர் அதனை விரும்பினாரல்லர். மறுநாள் வலையை இழுக்கும்போதே அறிவார். வெடி வைத்து மீன் பிடிப்போரோ வேண்டியதையும் வேண்டாததையும் ஒருசேர அழிப்பர்.

இவற்றினும் பெருங்கேடு இழுவைமடி. இயந்திரப் படகு ஒன்று பாரமான மடியைக் கடலடியில் இழுத்துச் செல்லும்போது, உழுத நிலம் போல் அடிமணல் புரளும். புல் வேரோடு பெயரும். கலங்கிய நீரில் ஒளி இறங்காது. ஆகவே எஞ்சிய புல்லும் வாடும். இலங்கை அரசு 2017இல் சட்டத் திருத்தத்தின் மூலம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. ஆயினும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளைப் பற்றிய முறையீடு வடபகுதி மீனவரிடமிருந்து ஓயவில்லை. இருகரையிலும் இருப்போர் தமிழ் பேசும் ஏழை மீனவரே. ஒருவர் வலையை இன்னொருவர் அறுக்கும் துயரமும், அக்கரையோர் சிறைப்படும் துயரமும் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகின்றன. புல்வெளி அழிந்த கடலில் இருவருக்கும் மீன் இராது என்பதை இருசாராரும் உணரும் நாளே உடன்பாட்டின் முதல் நாளாகும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. மன்னார் மாவட்டத்தில் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம் 2016இல் பிரகடனம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டரசு 2022இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீற்றர் கடற்பரப்பை ஆவுளியாவின் பாதுகாப்புக்கென ஒதுக்கிற்று. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை அறுபடினும் பொருட்படுத்தாது உயிருடன் விடுவித்த மீனவரை அங்கே வனத்துறை பரிசளித்துப் பாராட்டி வருகிறது. ஏழை மீனவனுக்கு வலை என்பது மூலதனம். அதனைத் தன் கையாலேயே அறுத்து ஓர் உயிரை விடுவிப்பவனை எவ்வளவு பாராட்டினும் தகும்.

இனி, புசல்லாவை மக்கள் கேட்ட வினாவுக்கு வருவோம். மலையில் இருப்போருக்கும் ஆவுளியாவுக்கும் யாது தொடர்பு? மூதாதையர் கடந்து வந்த கடல் அது என்பதைக் கூறினோம். அங்காடிக்கு வரும் கருவாடு, அத்தகைய புல்வெளிகளில் குஞ்சாக வளர்ந்த மீனாகவும் இருக்கலாம். மூன்றாவதாக, நீர்வழியை நினைத்துப் பாருங்கள். இம்மலைகளில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி, மகாவலியில் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. சரிவில் மண் அரிக்கப்பட்டால் ஆறு கலங்கும். ஓடையில் எறிந்த பிளாஸ்டிக் பையும் போத்தலும் அதே வழியில் பயணஞ் செய்யும். நீர்த்தேக்கங்கள் ஒரு பகுதியைத் தடுத்துக்கொள்ளலாம், எஞ்சியது கடலுக்கே. கொட்டியாரம் மன்னார் அன்று என்பது மெய்யே. ஆனால் கடலுக்கு வேலியில்லை. 2021ஆம் ஆண்டு கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் எரிந்து மூழ்கியபோது, அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் கரையோரமெங்கும் ஒதுங்கின. இறந்த ஆமைகள் பல கரைசேர்ந்ததையும் நாடு கண்டது. ஓரிடத்தில் விழுந்த குப்பை ஓரிடத்தோடு நிற்பதில்லை.

ஆகவே மலையூரிலிருந்து செய்யக்கூடியவை சில உண்டு. ஓடையைக் குப்பைத்தொட்டி ஆக்காதிருத்தல் ஒன்று. தேயிலைச் சரிவுகளில் கற்கட்டும் வடிகாலும் பேணி மண்ணைக் காத்தல் மற்றொன்று. ஆவுளியா எண்ணெய் என்றோ இறைச்சி என்றோ எவரேனும் மறைவாக விற்க வந்தால் வாங்க மறுத்தல் பிறிதொன்று. வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை. பாடசாலைச் சுற்றுலாவில் பிள்ளைகள் மன்னாருக்குச் செல்லும்போது, கோட்டையையும் பாவோபாப் மரத்தையும் காட்டுவதோடு நின்றுவிடாமல், அக்கடலின் அடியில் யானையின் உறவொன்று மேய்ந்து வாழ்ந்தது, இன்றும் சில எஞ்சியிருக்கின்றன என்று ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும். ‘வாழ்ந்தது’ என்ற சொல்லோடு அப்பாடம் முடிந்துவிடாமல் இருப்பது, இன்று கடலிலும் கரையிலும் மலையிலும் வாழ்வோர் கைகளில் இருக்கிறது.