முதுகுவலியோடு வாந்தி வந்தால்

காசிமேட்டுல மீன் கூடை தூக்குறோம், குனிஞ்சே மீன் வெட்டுறோம். இடுப்பு பிடிச்சுக்குது. அது தசைப்பிடிப்பு; ஒத்தடம் கொடுத்து, பாரம் தூக்காம இருந்தா சில நாளில் குறையும். பொதுவா அதுக்கு வாந்தி வராது.

விலாவுக்குக் கீழே விட்டு விட்டு வலிச்சு, அடிவயித்துக்கு இறங்கி, வாந்தியும் வந்தா சிறுநீரகக் கல்லா இருக்கலாம். சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு, அதான் குமட்டல். குளிர்காய்ச்சலும் சேர்ந்தா கிருமித் தொற்றா இருக்கும். ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

வியாபாரத்துல உட்கார்ந்தா ஒதுங்க இடமில்லைன்னு மதியம் வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன். எனக்கும் கல் வந்துச்சு. வாயுன்னு நினைச்சு நாலு நாள் தைலம் தேய்ச்சேன், சோடா குடிச்சேன். நீங்க அன்னைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.