கிணறு இருக்கிறது, பறி இல்லை
(சேவூர்க் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீங்க. நான் ஒரு பழைய வரைபடத்தைக் கொண்டுவந்திருக்கேன். வங்கியில் கடன் மனுவோடு சிட்டா, புலப்படம்னு தினமும் புரட்டுகிறவன். அந்தப் புத்தி போகாது.

இது இந்திய நில அளவைத் துறையின் தாள், 58 ஈ வரிசை. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். 1802இல் லாம்டன் பரங்கிமலையருகே சங்கிலி பிடித்துத் தொடங்கிய அளவையின் வழியில் வந்தது. படை நடத்தவும் ஆளவும் அளந்தார்கள், நமக்காக இல்லை. இதில் குடியிருப்பு சிவப்புக் கட்டங்கள். ஊர் ஒரு கொத்து. அப்புறம் கொஞ்சம் வெற்றிடம். அதைத் தாண்டி இன்னொரு சின்னக் கொத்து. அந்த வெற்றிடத்துக்குக் குறியீட்டு விளக்கத்தில் பெயர் கிடையாது. வருவாய்த் துறை பச்சையாவே எழுதிச்சு: அவர்களுக்குக் கிராம நத்தம், நமக்குச் சேரி நத்தம்.

கிணற்றுக்கு ஒரு புள்ளி உண்டு. கொங்கு வெள்ளாமையே கிணற்றை நம்பியது. மோட்டார் வரும்வரை கவலை இறைப்புதான். எருது இழுக்க, தோல்பறி தண்ணீர் அள்ளியது. அந்தப் பறியைத் தைத்தது அருந்ததியர் கை. கிழிஞ்சா தைக்க நாம் வேணும், இறங்கிக் குடிக்க நாம் ஆகாது. தாளில் கிணறு இருக்கிறது, பறி இல்லை. பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்கு இது கதை மாதிரி இருக்கும்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, வசவாகிப்போன சொல். ஆனால் அதோடு பழைய தாள்களையும் மறந்துடுவோமோன்னு எனக்குப் பயம். நம்மை இழிவாக எழுதின அதே காகிதம்தான் நமக்குச் சாட்சி. திரமென்ஹீர் அறிக்கைக்குப் பின் 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை நம்மவர் தவிர யாருக்கும் விற்கக் கூடாது. எவ்வளவு கைமாறிப்போச்சு! காரணை நிலத்தைக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். சர்வே எண்ணோடு பதிவேட்டில் கிடந்த நிலத்தைத்தான் கேட்டார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. கிராம வரைபடம், 'அ' பதிவேடு இரண்டுக்கும் நகல் கேளுங்க. இழுத்தடிச்சா தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்க. வாங்கீட்டு வந்து பெரியவங்க முன்னாடி விரிங்க. எந்தக் கிணத்துக்கு யார் பறி தைச்சாங்க, எந்தத் தடத்துல செருப்பைக் கையில எடுத்துட்டுப் போனாங்கன்னு கேட்டு, பென்சில்ல குறிங்க.

என் அமுச்சிக்குத் தொண்ணூறு வயசு. கண்ணு தெரியாது. நான் தடத்தைச் சொல்லச் சொல்ல, தாத்தன் பறி தைச்ச கிணத்தையெல்லாம் அது சொல்லுது. இதுவரை பதினொண்ணு ஆச்சு.